இலங்கை: முதலில் மலை, பிறகு எண்ணெய்

நான் முதல் தடவை இலங்கைக்குப் போனது ஒரு ஜூலை மாதம். லீவு அப்போதுதான் கிடைத்தது. தென்மேற்குக் கடற்கரையில் ஏழு நாள் ஆயுர்வேதம், முடிந்த கையோடு சிவனொளிபாத மலை ஏற்றம் என்று திட்டம். போனால் கடல் பழுப்பாகப் பொங்கிக்கொண்டிருந்தது. கரையில் நட்டிருந்த சிவப்புக் கொடி ஒரு நாளும் இறங்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் கஞ்சி குடித்துப் பகல் முழுக்கப் படுத்துப் பழகிய உடம்பைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரம் சேர்ந்தபோது, அங்கே யாத்திரை சீசன் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. படிகளில் விளக்கு இல்லை, டீக்கடைகள் மூடிக் கிடந்தன, மழை வேறு. முந்நூறு படி ஏறியிருப்பேன். திரும்பிவிட்டேன்.

அப்புறம் இரண்டு முறை ஒழுங்காகப் போய்வந்தேன். மழையைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும், உடம்பைப் பார்த்து வரிசை போட வேண்டும். இந்த இரண்டையும் முதல் தடவை நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

முதலில் மழை. தீவு சின்னது, பருவமழை இரண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கொழும்பு, காலி, மலையகத்தின் மேற்குச் சரிவு எல்லாம் நனையும். அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலையும் அறுகம்பேயும் காய்ந்து கிடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை, கதை திரும்பிவிடும். இடையில் வரும் அக்டோபர், நவம்பரில் எங்கே வேண்டுமானாலும் கொட்டும். புயலும் வரும், மலையில் மண்ணும் சரியும். அந்த இரண்டு மாதத்தை நான் தொடுவதில்லை. மலையும் தெற்குக் கடற்கரையும் சேர்த்துப் பார்க்க ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை நல்லது. ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு என்றால் பேசாமல் கிழக்கே போய்விடுங்கள். அறுகம்பேயில் அலைச்சறுக்கு களைகட்டும் காலம் அதுதான். ஆனால் அங்குள்ள பெரிய அலை பழகியவர்களுக்கு உரியது. புதிதாகக் கற்பவர்கள் சற்றுத் தள்ளி, சின்ன அலை விழும் இடத்துக்குப் போக வேண்டும்.

அடுத்தது வரிசை. கடைசியாகப் போன பிப்ரவரிப் பயணம் பதினாறு நாள். விமான நிலையம் கட்டுநாயக்கவில் இருப்பதால் கொழும்புக்குள் நுழையவே இல்லை. பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் ஒரு ராத்திரி. அங்கிருந்து கித்துல்கல போய் ஆற்றில் ராஃப்டிங், அதாவது ரப்பர் மிதவையில் சவாரி. அதே சாலை மேலே அட்டனுக்கு ஏறுகிறது. அங்கிருந்து கிளை பிரிந்து நல்லதண்ணி, அதாவது சிவனொளிபாத மலையடிவாரம். மலை முடிந்ததும் ஒரு முழு நாள் ஒன்றும் செய்யாமல் கிடந்தோம். அப்புறம் அட்டனில் ரயில் பிடித்து எல்ல என்னும் மலையூர், எல்லவிலிருந்து வெல்லவாய வழியாகத் தெற்கே இறங்கித் தங்காலைப் பக்கம். எண்ணெயும் கஞ்சியும் அங்கே, கடைசி எட்டு நாள். மலைச்சாலையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். வரைபடத்தில் விரல்கடை தூரம் என்று தெரிவது அரை நாளைத் தின்றுவிடும். மலை ரயிலை மட்டுமே நம்பியும் இருக்கக் கூடாது. மண் சரிந்தால் அந்தப் பாதை மாதக்கணக்கில்கூட நின்றுபோகும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விசா விதியும் அடிக்கடி மாறுகிறது. அதை அரசுத் தளத்தில் மட்டும் பாருங்கள், போய்வந்தவர்கள் சொல்வதை நம்பவேண்டாம், என்னையும் சேர்த்துத்தான்.

கித்துல்கலவில் ஓடுவது களனி கங்கை. மேலே நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. தண்ணீர் ஏறுவது மழையால் மட்டும் இல்லை, திறந்துவிடும் நீராலும்தான். ஆள் குறைவான ஒரு நிறுவனத்தில் எனக்குக் கொடுத்த மிதவைச் சட்டையின் கொக்கி ஒன்று உடைந்திருந்தது. கயிறு வைத்துக் கட்டித் தருகிறேன் என்றார் பையன். வேண்டாம் என்று அடுத்த இடத்துக்குப் போனோம். சட்டையைப் போட்டு எல்லாக் கொக்கியையும் இறுக்கியபின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. தலைக்கவசம் ஆடக் கூடாது. இன்றைக்குத் தண்ணீர் சரியில்லை என்று அவர்களே சொன்னால் பேரம் பேசாமல் இடியாப்பம் சாப்பிடப் போய்விடுங்கள்.

சிவனொளிபாத மலைக்கு வருவோம். உயரம் 2,243 மீட்டர். சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. நல்லதண்ணி வழியில் 5,000 படிக்கு மேல். சூரிய உதயத்துக்கு மேலே இருக்க வேண்டுமானால் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். போயா நாளும் சனி ஞாயிறும் வேண்டாம். கூட்டம் படியிலேயே நின்றுவிடும், பாதி வழியில் விடிந்துவிடும். போயா என்பது பௌர்ணமி விடுமுறை, அன்று மதுக்கடைகளும் திறக்காது. யாருக்காவது அந்தத் தகவல் வேண்டியிருக்கலாம்.

ஏறும் வழியில் ஒரு டீக்கடை, தகரக் கூரை, அடுப்புப் புகை. கடைக்கார அம்மா பிளேன்டீயை நீட்டிவிட்டு என் காலைப் பார்த்தார். “ஏறுறது பெரிசில்ல பிள்ளை. எறங்கும்போதுதான் முட்டி பேசும்” என்றார். பேசியது. ஏறும்போது மூச்சுத்தான் வாங்குகிறது. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் மொத்த எடையும் முட்டியில் விழுகிறது. அடுத்த நாள் விடுதியில் மூன்று படி இறங்குவதற்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தேன். ஆகவே ஆறு வாரம் முன்னதாகவே படிக்கட்டுப் பயிற்சி தொடங்குங்கள். லிஃப்ட்டில் ஏறி, படியில் இறங்கினாலும் பரவாயில்லை, இறங்குவதுதான் பழக வேண்டியது. கைத்தடி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது வியர்த்துக் கொட்டும், உச்சியில் காற்று குத்தும். பையில் ஒரு காய்ந்த பனியன், காதை மூடும் குல்லா, தடித்த காலுறை இருக்கட்டும். மேலே செருப்பைக் கழற்ற வேண்டும், தரை பனிக்கட்டி மாதிரி சில்லிடும். உதயத்தைப் பார்த்ததும் எல்லோரும் இறங்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாக மேகத்தின்மேல் விழுந்திருக்கும்.

ஹோர்ட்டன் சமவெளியும் போகலாம். ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான சுற்று. உலக முடிவு என்னும் விளிம்பை ஒன்பது மணிக்குள் தொட்டுவிட வேண்டும், அப்புறம் பனிமூட்டம் திரை போட்டுவிடும்.

சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போவதாக இருந்தால் அட்டைக்குத் தயாராகுங்கள். கால்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டிவிட்டால் தீயும் வேண்டாம், உப்பும் வேண்டாம். சுட்டால் உள்ளே இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிட்டு விழும். வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளினால் போதும். ரத்தம் உறையாமலிருக்க அது எதையோ செலுத்திவிட்டுப் போவதால் நீண்ட நேரம் கசியும். பயப்பட வேண்டாம், துணியை அழுத்திப் பிடித்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

கொசு விஷயம் வேறு. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்தது. டெங்கு அப்படியில்லை. அந்தக் கொசு பகலில் கடிக்கும், கொசுவலை மட்டும் போதாது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். காலில் புண் இருந்தால் மழைக்குப் பிந்திய ஆற்றிலும் வயலிலும் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். நாயோ குரங்கோ கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். காப்பீடு எடுக்கும்போது ராஃப்டிங், ஆழ்கடல் மூழ்கல் என்று நீங்கள் செய்யப்போவதன் பெயர் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘சாகச விளையாட்டு நீங்கலாக’ என்ற ஒரு வரி மொத்தப் பணத்தையும் விழுங்கிவிடும்.

இனி எண்ணெய். பஞ்சகர்மா என்பது உடம்பைச் சுத்தப்படுத்தும் ஆயுர்வேதச் சிகிச்சைத் தொடர், வழக்கமாக இரண்டு மூன்று வாரத்து வேலை. நான்கு நாளில் பஞ்சகர்மா என்று விளம்பரம் செய்தால் அது நல்ல மசாஜ், அவ்வளவுதான்; அதற்கான விலையை மட்டும் கொடுங்கள். எட்டு நாளுக்கு நானும் அந்தச் சொல்லை எதிர்பார்க்கவில்லை. பதிவு செய்வதற்கு முன்னால் நான் கேட்பது இரண்டே கேள்வி: முதல் நாள் மருத்துவர் எவ்வளவு நேரம் பார்ப்பார்? உடம்புக்குச் சரிவராது என்றால் எந்தச் சிகிச்சையை நிறுத்துவீர்கள்? இரண்டாவதற்குப் பதில் வராத இடத்துக்குப் போவதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் நீர்க்கும் மாத்திரை எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள், அங்கே போய் நிறுத்தவும் வேண்டாம். பெயர், தயாரிப்பாளர் எதுவும் இல்லாத பொடிப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன. சிகிச்சை நாட்களில் வெயிலும் கடல் குளியலும் கூடாது என்பார்கள். அதனால்தான் கடலாட்டத்தையும் எண்ணெயையும் ஒரே வாரத்தில் போடக் கூடாது.

கிழக்கே போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். திருகோணமலையில் புறாத்தீவுப் பக்கம் சிலிண்டரோடு மூழ்கிவிட்டு அன்றே நுவரெலியாவுக்கு ஏறிவிடலாம் என்று ஒரு ஓட்டுநர் எங்களிடம் சொன்னார். நுவரெலியா 1,868 மீட்டர். மூழ்கியபின் உடனே உயரம் ஏறுவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான், ரத்தத்தில் குமிழி விடும். பல முறை மூழ்கியிருந்தால் பதினெட்டு மணி நேரமாவது கழியட்டும். அந்த ராத்திரி திருகோணமலையிலேயே தங்கினோம். ஓட்டுநர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் கோணேஸ்வரத்துக்குக் கூட்டிப்போனதும் அவரே.