எக்ஸ்வி6 கெர்னலில் பக்கங்களைப் பகிரும் ஃபோர்க்: எண்ணிக்கை பிசகாமல் எழுதுவது எப்படி?

எம்.ஐ.டி.யின் இயங்குதளப் பாடத்திற்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்னும் சிறிய கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி), ஒரு செயல்முறையின் நகலாகச் சேய்ச் செயல்முறையை உருவாக்கும் ஃபோர்க் அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் தாய்ச் செயல்முறையின் நினைவகம் முழுவதும் 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் படியெடுக்கப்படுகிறது. ஷெல்லில் ஒரு கட்டளையைத் தட்டினால், அப்படிப் படியெடுத்த பக்கங்களை அடுத்த கணமே, புதிய நிரலை ஏற்றும் எக்ஸெக் தூக்கி எறிந்துவிடும். இந்த வீண்வேலையைத் தவிர்க்க, தாயும் சேயும் ஒரே பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு, யாரேனும் அதில் எழுத முனையும்போது மட்டும் படியெடுக்கும் முறையை ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கான எக்ஸ்வி6 பதிப்பில் சேர்ப்பது பற்றியதே இந்தப் பதிவு. கம்பைலரும், ஒரு கணினியை மென்பொருளாலேயே போலச்செய்யும் க்யூஇஎம்யூவும் நிறுவப்பட்டு, மாற்றப்படாத கெர்னல் உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படியாக, ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை பக்க அட்டவணைகள் (ஒரு செயல்முறையின் முகவரிகள் எந்தப் பக்கங்களைக் குறிக்கின்றன என்று காட்டுபவை) சுட்டுகின்றன என்று எண்ணிவைக்க ஓர் அணி (அர்ரே) வேண்டும். எக்ஸ்வி6 கையாளும் நினைவகம் 128 எம்பி என்பதால் பக்கங்கள் 32768. பக்கத்தின் முகவரியிலிருந்து கெர்னலின் தொடக்க முகவரியைக் கழித்து 4096-ஆல் வகுத்தால் அணியில் அதன் இடம் கிடைத்துவிடும். இந்த அணியைப் பக்க ஒதுக்கீட்டுக் கோப்பிலேயே, வெற்றுப் பக்கங்களின் பட்டியலுக்கு அருகில் வைத்து, அதே பூட்டால் (ஒரே நேரத்தில் இருவர் மாற்றிவிடாமல் தடுப்பது) காத்துக்கொள்ளுங்கள். தனிப் பூட்டு வைப்பது நுட்பமாகத் தோன்றினாலும், இவ்வளவு சிறிய கெர்னலில் அது தலைவலியை மட்டுமே தரும் என்பது என் கருத்து.

அடுத்து, பக்கம் வழங்கும் கே-ஆலாக்கில் எண்ணிக்கையை 1 ஆக்க வேண்டும். திரும்பப் பெறும் கே-ஃப்ரீயில் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, அது சுழியத்துக்கு மேலிருந்தால் எதையும் தொடாமல் திரும்பிவிட வேண்டும். இங்கே வரிசை முக்கியம்: மூல நிரலில் கே-ஃப்ரீ பூட்டை எடுப்பதற்கு முன்பே, பக்கம் முழுவதையும் 1 என்னும் மதிப்பால் நிரப்பிவிடுகிறது. எண்ணிக்கைச் சோதனையை அந்த வரிக்குக் கீழே எழுதினால், இன்னொரு செயல்முறை படித்துக்கொண்டிருக்கும் பக்கம் குப்பையாகிவிடும்.

நான் ஒரு மாலை முழுவதையும் இழந்தது இந்த இடத்தில்தான். எக்ஸ்வி6-இல் ஒரே நேரத்தில் 64 செயல்முறைகளுக்கு மேல் இருக்க முடியாது என்பதால், ஒரு பக்கத்துக்கு ஒரு பைட் போதும் என்று சிக்கனம் பார்த்து, குறியில்லாத (எதிர்ம எண்களை ஏற்காத) பைட்டுகளால் அணியை அமைத்தேன். கெர்னல் துவங்குகிறது என்ற ஒற்றை வரி திரையில் வந்தது, அதன்பின் பேச்சுமூச்சில்லை. பிழைத்திருத்தியான ஜிடிபியை இணைத்து நிறுத்திப் பார்த்தபோது நிரல் முகவரி சுழியத்தில் நின்றது. பொறிகளை, அதாவது பிழை போன்ற குறுக்கீடுகளை, கையாளும் முகவரி இன்னும் அமைக்கப்படாத கட்டத்தில் ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். வெற்றுப் பக்கங்களின் பட்டியலை அச்சிட்டபோது அதில் ஒரு பக்கம்கூட இல்லை.

காரணம் எளியது. கெர்னல் துவங்கும்போது வெற்றுப் பக்கங்களின் பட்டியலை நிரப்புவதும் கே-ஃப்ரீதான். ஃப்ரீரேஞ்ச் என்னும் செயற்கூறு நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அதனிடம் ஒப்படைக்கிறது. அப்போது எல்லா எண்ணிக்கையும் சுழியம். குறியில்லாத பைட்டில் சுழியத்திலிருந்து ஒன்றைக் குறைத்தால் 255 கிடைக்கும். 255 பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று நம்பிய கே-ஃப்ரீ எல்லாப் பக்கங்களையும் விட்டுவிட்டது. ஃப்ரீரேஞ்சில் கே-ஃப்ரீயை அழைப்பதற்கு முன் எண்ணிக்கையை 1 ஆக்குவதே தீர்வு. குறியுள்ள முழு எண்ணைப் பயன்படுத்தியிருந்தால் -1 வந்து, தற்செயலாக எல்லாம் சரியாக ஓடியிருக்கும். பைட்டை விட்டு முழு எண்ணுக்கே மாறுங்கள், 128 கேபிதான் செலவு. ஆனால் எண்ணிக்கை 1-க்குக் கீழே இருக்கும்போது கே-ஃப்ரீ அழைக்கப்பட்டால் கெர்னலை நிறுத்திவிடும் சோதனையையும் தவறாமல் சேருங்கள்.

இனி நினைவகத்தைப் படியெடுக்கும் யுவிஎம்-காப்பி. புதுப் பக்கம் வாங்குவதற்கு மாறாக, எழுதும் உரிமையுள்ள பக்கங்களில் அந்த உரிமையை நீக்கி, பக்க அட்டவணைப் பதிவில் மென்பொருளுக்கென்று ஒதுக்கப்பட்ட இரண்டு பிட்டுகளில் ஒன்றைப் பகிர்வுக் குறியாக வைத்து, சேயின் அட்டவணையில் அதே பக்கத்தை இணையுங்கள். இணைப்பு வெற்றி பெற்ற பிறகே எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். முன்னதாகக் கூட்டிவிட்டால், இணைப்பு தோல்வியடையும்போது அந்தப் பக்கம் என்றென்றைக்கும் திரும்பி வராது. தொடக்கத்திலிருந்தே எழுத உரிமை இல்லாத பக்கங்களுக்குப் பகிர்வுக் குறியை வைக்காதீர்கள்; வைத்தால், நிரலின் கட்டளைகள் உள்ள பக்கத்திலும் எழுத வழி திறந்துவிடும்.

எழுதும்போது நேரும் பக்கப் பிழை, பயனர் நிரல்களின் பொறிகளைக் கையாளும் யூசர்ட்ராப்பில் 15 என்ற காரண எண்ணுடன் வந்து சேரும். பகிர்வுக் குறி இருந்தால் புதுப் பக்கம் வாங்கி, படியெடுத்து, அட்டவணைப் பதிவை நேரடியாக மாற்றி எழுதி, பழைய பக்கத்தைக் கே-ஃப்ரீயிடம் கொடுங்கள். வழக்கமான இணைப்புச் செயற்கூறை இங்கே அழைத்தால், ஏற்கெனவே இணைக்கப்பட்ட முகவரி என்று கெர்னல் நின்றுவிடும். நினைவகம் தீர்ந்திருந்தால் அந்தச் செயல்முறையை முடித்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பிழை தேடும்போது ஒரே ஒரு மையச்செயலியுடன் க்யூஇஎம்யூவை ஓட்டுங்கள். மூன்றுடன் ஓடும் இயல்பான அமைப்புக்குப் பிறகு போகலாம். அச்சிட்டுப் பார்ப்பதைவிட ஜிடிபியே எனக்கு உகந்தது, ஏனெனில் பக்கப் பிழையின் நடுவே அச்சிடும் வரிகள் ஒன்றோடொன்று கலந்து வந்து குழப்புகின்றன.

பிற்சேர்க்கை: செயல்முறைகளுக்கிடையே தரவைக் கடத்தும் பைப்பிலிருந்து சேய் படித்தால் தாயின் தரவும் மாறிவிடுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கெர்னல் பயனர் நினைவகத்தில் எழுதும் காப்பி-அவுட், பக்க அட்டவணையை மென்பொருளாலேயே நடந்து பார்ப்பதால், வன்பொருள் அங்கே பிழை எதையும் எழுப்பாது. அவர் வைத்திருந்த பழைய பதிப்பில் எழுதும் உரிமை சோதிக்கப்படாததால் பகிர்ந்த பக்கத்திலேயே எழுதிவிட்டது. அந்தச் சோதனை உள்ள பிந்தைய பதிப்புகளில் அழைப்பே தோல்வியடையும். எனவே யூசர்ட்ராப்பில் எழுதியதைத் தனிச் செயற்கூறாக்கி இங்கும் அழையுங்கள். அதன் முதல் வரியில் முகவரி உச்ச வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு மீறிய முகவரியுடன் அட்டவணையை நடந்தால் கெர்னலே விழுந்துவிடும், எக்ஸ்வி6-உடன் வரும் சோதனை நிரலான யூசர்டெஸ்ட்ஸ் வேண்டுமென்றே அப்படிப்பட்ட முகவரிகளில் எழுதிப் பார்க்கும். சோதனைக்கு முன்னும் பின்னும் வெற்றுப் பக்கங்களை அது எண்ணுவதால், சில பக்கங்கள் தொலைந்தன என்ற செய்தி வந்தால், காப்பி-அவுட்டின் வழியில் பழைய பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள், நான் கொடுத்திருக்கவில்லை.