கால் மாடு வாங்கப் போகிறீர்களா? லாக்கரில் பலர் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் அயோவா, நெப்ராஸ்கா, மினசோட்டா பக்கம் குடிவந்து கொஞ்ச நாளானால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார், "கடையில் எதற்கு மாட்டுக்கறி வாங்குகிறீர்கள், பண்ணைக்காரரிடம் கால் மாடு, அதாவது ஒரு மாட்டில் நாலில் ஒரு பங்கு, சொல்லிவையுங்கள், லாக்கரில் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள், வருஷம் முழுக்க ஓடும்" என்று. நல்ல யோசனைதான். கறியும் பெரும்பாலும் கடையில் கிடைப்பதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் கடையில் வாங்கிப் பழகிய அதே கணக்கோடு இங்கே போனால் பணமும் போகும், மனஸ்தாபமும் மிஞ்சும்.

தெரியாதவர்களுக்காக: லாக்கர் என்பது சின்ன ஊர்களில் இருக்கும் கறிக்கூடம். 1930, 40களில் வீட்டுக்கு வீடு ஃப்ரீசர் கிடையாது, ஊர்க்காரர்கள் குளிர் அறையில் ஆளுக்கொரு பெட்டியை வாடகைக்கு எடுத்துத் தங்கள் கறியை அதில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். வீட்டில் ஃப்ரீசர் வந்ததும் வாடகைப் பெட்டிகள் போய்விட்டன. மாட்டை அறுத்து, தொங்கவிட்டு, வெட்டி, பொதிந்து தருகிற வேலை மட்டும் இன்றும் நடக்கிறது. ஆக, நீங்கள் பணம் கொடுப்பது இரண்டு பேருக்கு. மாட்டுக்குப் பண்ணைக்காரருக்கு, வேலைக்கு லாக்கருக்கு. இதை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் ஏமாந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

முதல் சறுக்கல் விலையில். பண்ணைக்காரர் "பவுண்டு 4 டாலர்" என்றால் அது உங்கள் ஃப்ரீசருக்கு வரும் கறியின் விலை இல்லை. அறுத்து, தோல், தலை, குடலெல்லாம் நீக்கிக் கொக்கியில் மாட்டியதும் எடுக்கிற எடை இருக்கிறதே, ஹாங்கிங் வெயிட், அதற்குத்தான் அந்த விலை. உயிரோடு 1,300 பவுண்டு இருக்கும் மாடு கொக்கியில் சுமார் 800 பவுண்டு நிற்கும். எலும்பும் வேண்டாத கொழுப்பும் கழிந்து, தொங்குகிற நாட்களில் ஈரமும் வற்றி, வீட்டுக்கு வருவது சுமார் 500. கால் பங்கு என்றால் கொக்கியில் 200, கையில் 125 அளவுக்கு. இப்போது ஓர் உதாரணக் கணக்கு போடுங்கள்: மாட்டுக்கு 800 டாலர், வெட்டிப் பொதிய பவுண்டுக்கு 1 டாலர் வீதம் 200, அறுப்புக் கூலியில் உங்கள் பங்கு 25. மொத்தம் 1,025. அதை 125ஆல் வகுத்தால் பவுண்டு 8 டாலர் 20 சென்ட். 4 டாலர் எங்கே, 8 டாலர் எங்கே! இதில் மோசடி எதுவும் இல்லை, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காததுதான் கோளாறு. விலை உயிர் எடைக்கா, கொக்கி எடைக்கா, வெட்டுக் கூலி அதில் சேர்ந்ததா தனியா, வேக்யூம் பொதிவுக்குக் கூடுதலா, இதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அந்த 8 டாலர் எல்லாத் துண்டுக்கும் ஒரே விலை என்பதையும் பாருங்கள். ரிப்-ஐ போன்ற உசத்தி ஸ்டேக்குக்கு அது கொள்ளை மலிவு. கொத்துக்கறிக்குக் கடையைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். உங்கள் வீட்டில் ஸ்டேக் யாரும் தொடமாட்டார்கள், குழம்பும் கொத்துக்கறியும் மட்டும்தான் ஓடும் என்றால் கால் மாடு வாங்குவதில் பெரிய லாபம் இல்லை. இதை யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அந்தச் சந்தேகம்: "அத்தனை பெரிய மாட்டுக்கு இவ்வளவுதானா? லாக்கர்காரர் எடுத்துக்கொண்டிருப்பார்." எலும்பில்லாமல் வெட்டச் சொல்லிவிட்டு, கொத்துக்கறியில் கொழுப்பே கூடாது என்றும் சொல்லிவிட்டு, எடை குறைகிறது என்றால் எப்படி? மாடு கொழுத்ததாக இருந்தால் கழிவும் அதிகம். கொக்கி எடைச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதில் 60 முதல் 65 சதவீதம் வீட்டுக்கு வந்திருந்தால் பேசாமல் சமைக்கப் போகலாம். தொத்திறைச்சி, ஜெர்கி போன்றவற்றைச் சில இடங்களில் பலருடைய கறியைச் சேர்த்தே அரைத்துச் செய்கிறார்கள். உங்கள் மாட்டுக்கறி மட்டும்தான் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இனி கட் ஷீட், அதாவது கறியை எப்படி வெட்ட வேண்டும் என்று குறிக்கும் தாள். எனக்குத் தெரிந்து மிக அதிகமான தவறு நடப்பது இந்த ஒற்றைத் தாளில்தான். அறுப்பு முடிந்ததும் லாக்கரிலிருந்து போன் வரும், அந்தப் பக்கம் இருப்பவர் மூச்சு விடாமல் கேட்பார்: ஸ்டேக் என்ன கனம், முக்கால் அங்குலமா, ஒன்றா, ஒன்றேகாலா? ஒரு பொட்டலத்தில் எத்தனை? ரோஸ்ட் மூன்று பவுண்டா நான்கா? கொத்துக்கறி ஒரு பவுண்டுப் பொட்டலமா, இரண்டா? எலும்பு வேண்டுமா? நாக்கு? வால்? ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "வழக்கமாக எப்படிச் செய்வீர்களோ அப்படியே" என்று சொல்லிவிட்டால், அந்த ஊர்க்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏற்றபடிதான் வந்து சேரும். பெரிய பெரிய ரோஸ்ட், மலைபோல் கொத்துக்கறி, எலும்பு ஒன்றுகூட இருக்காது.

சில விஷயங்களை முன்னாடியே தெரிந்துகொண்டு போனைக் கையில் எடுங்கள். டி-போன் ஸ்டேக்கும் வேண்டும், டெண்டர்லாயின் என்ற மிக மிருதுவான சதை தனியாகவும் வேண்டும் என்று மாட்டின் ஒரே பாதியில் கேட்க முடியாது. டி-போனில் எலும்புக்கு ஒரு புறம் இருப்பதே அந்த டெண்டர்லாயின்தான், ஒன்றை எடுத்தால் இன்னொன்று போச்சு. மாட்டுக்கு வயது 30 மாதத்தைத் தாண்டியிருந்தால் டி-போனே கிடையாது. மேட் கவ் எனப்படும் மாட்டு மூளை நோய் பயத்தால் அந்த வயது மாட்டின் முதுகெலும்பை உணவில் சேர்க்க அமெரிக்காவில் தடை. பிரிஸ்கெட் (நெஞ்சுக்கறி) மாட்டின் ஒரு பாதிக்கு ஒன்றுதான், நான்கு பேர் கால் பங்கு வாங்கினால் அது யாருக்கு என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கால் பங்கு என்பதிலும் இரண்டு வகை உண்டு. முன்பக்கத்துக் கால் பங்கில் சக் (தோள்), பிரிஸ்கெட், ரிப் (விலா) பக்கம் வரும், பின்பக்கத்துக் கால் பங்கில் லாயினும் (முதுகின் பின்பகுதி) தொடையும். இரண்டையும் கலந்து பிரிப்பதுதான் பலருக்குத் தோது, அதைப் பண்ணைக்காரரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் வீட்டுச் சமையலுக்கு வாங்குபவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஸ்டூ மீட் என்று வருவது எலும்பில்லாத சதைத் துண்டுகள். எலும்போடு குழம்புக்கு வேண்டுமென்றால் கால் எலும்பைக் குறுக்கே அறுத்துத் தரச் சொல்ல வேண்டும், கழுத்துக்கறியை எலும்போடு வெட்டித் தருவார்களா என்று கேட்க வேண்டும், ஷார்ட் ரிப்ஸை (எலும்போடு வரும் விலாத் துண்டுகள்) கொத்துக்கறியில் போட்டு அரைத்துவிட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சூப்பு எலும்பும் ஈரலும் கேட்டால்தான் வரும், கேட்காவிட்டால் கழிவோடு போய்விடும். குடலைப் பெரும்பாலான சின்ன லாக்கர்கள் சுத்தம் செய்து தருவதில்லை, அந்த ஆசையை விட்டுவிடலாம். ஹலால் வேண்டுபவர்கள் அறுப்புக்கு நாள் குறிக்கும்போதே கேட்க வேண்டும், எல்லா இடத்திலும் வசதி இருக்காது.

ஸ்டேக்குகளாக அடுக்கிவரும் என்று கனவு காண்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வருகிற கறியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே கொத்துக்கறிதான் இருக்கும். மாடு அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது.

சட்டப்படி ஒரு சிக்கலும் இருக்கிறது. லாக்கர்களில் மூன்று வகை: மத்திய அரசின் வேளாண் துறை (யு.எஸ்.டி.ஏ.) ஆய்வாளர் இருந்து பார்ப்பவை, மாநில ஆய்வில் இயங்குபவை, கஸ்டம் எக்ஸம்ப்ட் எனப்படுபவை. மூன்றாவது வகையில் ஒவ்வொரு மாட்டையும் ஆய்வாளர் பார்ப்பதில்லை, கூடத்தை மட்டும் அவ்வப்போது வந்து பார்ப்பார்கள். அங்கே வெட்டிய பொட்டலத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை இருக்கும். அது சும்மா அச்சடித்தது இல்லை. அந்தக் கறி மாட்டின் சொந்தக்காரர், அவர் குடும்பம், காசு வாங்காத விருந்தாளிகள், அவரிடம் வேலை செய்பவர்கள், இவர்கள் சாப்பிட மட்டும்தான். அதனால்தான் அறுப்பதற்கு முன்பே நீங்கள் மாட்டின் பங்குதாரராக இருக்க வேண்டும். கால் மாட்டை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, பிறகு வாட்ஸ்அப்பில் "பவுண்டு பத்து டாலர், யாருக்கு வேண்டும்" என்று போடுவது தப்பு. தமிழ்ச் சங்க விழாவில் கடை போட்டு இதிலே கொத்துப் பரோட்டா விற்பதும் தப்பு. நண்பர்களோடு பிரித்துக்கொள்வதாக இருந்தால் எல்லார் பெயரையும் முதலிலேயே கொடுத்து, பணத்தையும் அவரவரே கட்டட்டும்.

நாள் குறிப்பதிலும் அவசரம் உதவாது. 2020இல் கொரோனாவால் பெரிய இறைச்சி ஆலைகள் மூடியபோது லாக்கர்களில் ஒரு வருஷத்துக்குமேல் இடம் இல்லாமல் போனது. அந்த நெரிசல் இப்போது இல்லை, ஆனாலும் சில மாதங்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கும். கோடையில் கவுண்டி ஃபேர் (வட்டாரக் கண்காட்சி) முடிந்ததும் 4-எச் என்ற சிறுவர் அமைப்பின் பிள்ளைகள் வளர்த்த மாடுகள் வரிசையில் நிற்கும், நவம்பர், டிசம்பரில் மான் வேட்டைக்காரர்கள் வந்துவிடுவார்கள். அறுத்த பிறகு பத்து, பதினான்கு நாள் தொங்கவிட்டால்தான் கறி மிருதுவாகும், "இந்த வாரமே கிடைக்குமா" என்று நச்சரிக்காதீர்கள்.

தயாரென்று போன் வந்த பிறகு ஃப்ரீசர் தேடக் கூடாது. 35 முதல் 40 பவுண்டு கறிக்கு ஒரு கன அடி இடம் வேண்டும். கால் மாட்டுக்கு நான்கு கன அடி, அரை மாட்டுக்கு எட்டு வரை. ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கும் ஃப்ரீசரில் இட்லி மாவையும் தள்ளிவைத்துவிட்டு இதையும் அடைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். புது ஃப்ரீசரை முந்தின நாளே போட்டு 0 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சொன்ன நாளில் போய் எடுங்கள், லாக்கரிலும் இடம் நெருக்கடிதான், தாமதமானால் பல இடங்களில் தினவாடகை போடுவார்கள்.

காராஜில் வைப்பவர்கள் அந்த பிளக்கை அடிக்கடி பாருங்கள். அங்கே இருக்கும் பாதுகாப்பு பிளக் தானாகவே டிரிப் ஆகிவிடும், வாரக்கணக்கில் யாரும் கவனிக்கமாட்டார்கள், பிறகு வாசனைதான் சொல்லும். பத்து, இருபது டாலருக்கு அலாரம் வைத்த வெப்பமானி கிடைக்கிறது. கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும். பாதி காலியாக இருந்தால் ஒரு நாள்தான்.

கொத்துக்கறியையும் ஈரலையும் முதல் மூன்று நான்கு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். ரோஸ்டும் ஸ்டேக்கும் ஒரு வருஷம் வரை ருசி குறையாது.