நடுகல் பட்டியலுக்கு மீத்தரவு எழுதுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் வேடியப்பன் கோயில்களிலும் உள்ள நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களைப் படமெடுத்து, அளந்து, எக்செல் கோப்பில் பதிந்து வைக்கும் மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் இந்த விளக்கம் பயன்படும். இத்தகைய கோப்புகளில் தகவல் ஏராளமாக இருக்கும். அந்தத் தகவலுக்கு என்ன பொருள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. 'உயரம்' என்ற தலைப்பின் கீழ் 120 என்று இருந்தால், அது செ.மீ. கணக்கா, முழுக் கல்லின் அளவா, மண்ணுக்கு மேல் தெரியும் பகுதியின் அளவா என்பது அளந்தவருக்கு மட்டுமே தெரியும். அவருக்குத் தெரிந்ததைப் பிறரும் அறியும்படி எழுதி வைப்பதே மீத்தரவு, அதாவது தரவைப் பற்றிய தரவு.

படி 1: ஒரு கிடைவரிசை எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்யுங்கள்

கல் வேறு, கல்லின் படம் வேறு, கல்லில் பொறித்த வாசகம் வேறு. மூன்றையும் ஒரே வரிசையில் கலந்துவிட்டால், 'தேதி' என்பது கல் நட்ட காலமா, படம் எடுத்த நாளா, வாசகம் படிக்கப்பட்ட நாளா என்ற குழப்பம் முதல் நாளிலேயே தொடங்கிவிடும். ஆகவே மூன்று தனித் தாள்களை அமைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, மற்ற இரு தாள்களிலும் அந்த எண்ணையே குறிப்பிடுங்கள். எண்ணுக்குள் வட்டத்தின் பெயர்ச் சுருக்கத்தைச் சேர்க்க வேண்டாம். வட்டங்கள் பிரிக்கப்படும்போது அந்த எண் தவறான செய்தியைச் சுமந்து நிற்கும்.

படி 2: நெடுவரிசைகளுக்குப் பெயரிடுங்கள்

எந்தப் பொருள், அதன் எந்தப் பண்பு, எந்த அலகு என்ற ஒழுங்கில் பெயர் அமைவது நல்லது. மீத்தரவுப் பதிவேடுகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 11179 தரநிலையும் இதே போக்கில்தான் பெயரிடச் சொல்கிறது.

கல்_உயரம்_தரைமேல்_செமீ
கல்_அகலம்_செமீ
படம்_எடுத்த_நாள்
வாசகம்_மொழி
வாசகம்_எழுத்துமுறை

சொற்களுக்கிடையே வெற்றிடம் விடாமல் அடிக்கோடு இடுங்கள். 'வகை', 'விவரம்', 'இதர' போன்ற பெயர்களை அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவற்றின் கீழ் எதை வேண்டுமானாலும் போடலாம் என்பதால், காலப்போக்கில் எல்லாமே அங்கு போய்ச் சேரும்.

தமிழில் பெயரிடுவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் பல மென்பொருள்களின் தேடலில் இரண்டும் வேறு சொற்கள். தமிழ் எண்ணான ௭, 'எ' என்ற எழுத்தின் இடத்தில் நுழைந்துவிடுவதும் உண்டு; அதைத் தனியாகத் தேடித் திருத்த வேண்டும். ஒகரக் குறிச் சிக்கல் தீர, கோப்பு முழுவதையும் என்எஃப்சி என்னும் யூனிகோடு சீராக்க வடிவுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 என்னும் குறியாக்க முறையில் சேமியுங்கள்.

படி 3: தரவு அகராதி எழுதுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுவே. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள் வரையறை, அலகு, அனுமதிக்கப்பட்ட மதிப்புகள், கட்டம் வெறுமையாக இருந்தால் அதன் பொருள் ஆகிய நான்கையும் தனித்தாளில் எழுத வேண்டும். ஒரு மாதிரி:

பெயர்: வாசகம்_எழுத்துமுறை
வரையறை: கல்லில் பொறிக்கப்பட்ட வரிவடிவம், மொழியைக் குறிக்காது.
அனுமதிக்கப்பட்ட மதிப்புகள்: வட்டெழுத்து, தமிழ், கன்னடம், தெலுங்கு, வாசகம் இல்லை, அடையாளம் காண இயலவில்லை.
வெற்றுக் கட்டம்: இன்னும் ஆராயப்படவில்லை.

மொழியையும் எழுத்துமுறையையும் பிரித்திருப்பதற்குக் காரணம் உண்டு. இப்பகுதியின் பழைய நடுகற்களில் தமிழ் மொழி வட்டெழுத்து என்னும் பழைய வரிவடிவில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓசூர்ப் பக்கம் கன்னடக் கல்வெட்டுகளும் உள்ளன. 'மொழி' என்ற ஒரே நெடுவரிசையில் ஒருவர் 'வட்டெழுத்து' என்றும் மற்றொருவர் 'தமிழ்' என்றும் பதிந்துவிட்டால், பின்னர் எண்ணிப் பார்க்கவே முடியாது. அதேபோல் 'வாசகம் இல்லை' என்பதும் 'இன்னும் பார்க்கவில்லை' என்பதும் முற்றிலும் வேறான செய்திகள்.

படி 4: இடத்தையும் காலத்தையும் இரண்டிரண்டாகப் பதியுங்கள்

தருமபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது; கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே 1970-களில் அச்சான ஒரு நூல் ஊத்தங்கரைப் பகுதிக் கல் ஒன்றைத் தருமபுரி மாவட்டம் என்று குறித்திருந்தால் அது பிழையன்று. அதைத் 'திருத்துவது' மூலத்தைச் சிதைப்பதாகும். இன்றைய மாவட்டத்தைக் குறிக்காமல் விடுவதோ தேடுபவரை ஏமாற்றுவதாகும். 'மாவட்டம்_மூலத்தில்', 'மாவட்டம்_இன்று' என இரண்டு நெடுவரிசைகள் வையுங்கள். அரூர், ஹரூர் என்றும் ஓசூர், ஒசூர் என்றும் ஒரே ஊர் பலவாறு எழுதப்படுவதால், ஏற்றுக்கொண்ட வடிவங்களின் பட்டியல் ஒன்றும் தேவை. ஒரே பெயரில் பல கிராமங்கள் இருக்கும்போது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிராமங்களுக்குத் தந்துள்ள ஆறு இலக்க எண் கைகொடுக்கும்.

காலத்துக்கும் இதே முறைதான். கல்லில் அரசனின் ஆட்சியாண்டு இருந்தால் அதை அப்படியே ஒரு நெடுவரிசையில் பதியுங்கள். அதிலிருந்து கணித்த நூற்றாண்டை மற்றொன்றிலும், கணித்தவர் யார் என்பதை மூன்றாவதிலும் எழுதுங்கள். கணிப்பு மாறக்கூடியது, கல்லின் வாசகம் மாறாது. படம் எடுத்த நாளை, தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 8601 முறைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-03-07 என்று எழுதினால், அது மார்ச்சா ஜூலையா என்ற ஐயம் எழாது.

படி 5: தொகுப்பு முழுவதையும் விவரியுங்கள்

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் நடந்த பயிலரங்கிலிருந்து உருவான டப்ளின் கோர் என்னும் மீத்தரவுத் தரநிலை, தலைப்பு, உருவாக்கியவர், பொருள், நாள், மொழி, உரிமை உள்ளிட்ட 15 கூறுகளைத் தருகிறது. அவற்றில் பொருந்துவனவற்றை நிரப்பினால் போதும். பின்னாளில் பல தொகுப்புகளை ஒரே அடைவில் சேர்க்க நேர்ந்தால், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரவு அடைவுகளை விவரிப்பதற்காக வெளியிட்டுள்ள டிகேட் (DCAT) சொற்றொகுதியைப் பயன்படுத்தலாம்.

படி 6: சோதித்துப் பாருங்கள்

கள ஆய்வுக்கு வராத ஒருவரிடம் அகராதியை மட்டும் கொடுத்து, ஒரு கல்லின் படத்தையும் அளவுக் குறிப்பையும் வைத்து ஒரு கிடைவரிசையை நிரப்பச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அகராதியில் விடுபட்ட ஒரு வாக்கியம். அதை அன்றே எழுதிச் சேர்த்து, சேர்த்த நாளையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.