கிட்டார் டிராக் தாளத்தோடு சேரவில்லையா? முதலில் அளந்து பாருங்கள்

வாசிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பப் போட்டுக் கேட்டால் கிட்டார் மட்டும் பின்னால் இழுக்கிறது. வீட்டுக் கணினியில் பதிவு செய்யத் தொடங்குகிற அனைவரும் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்ளும் சிக்கல் இது. யாரிடம் கேட்டாலும் "பஃபரைக் குறை" என்பார்கள். பஃபர் என்பது ஒலியைக் கையாளுமுன் கணினி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கும் இடம். ஆனால் பல நேரம் இந்த யோசனை வேறு நோய்க்கான மருந்து. பஃபரைக் கண்டபடி குறைத்தால் இல்லாத கோளாறும் புதிதாக வந்து சேரும். அதனால் எந்த அமைப்பிலும் கை வைக்காமல், முதலில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்போம்.

கோளாறு நான்கு விதம். தந்தியை மீட்டிய பிறகு ஹெட்போனில் சத்தம் தாமதமாகக் கேட்பது ஒன்று. கேட்பது சரியாக இருந்தும், பதிவான டிராக் முழுக்க ஒரே அளவு தள்ளி நிற்பது இரண்டாவது. தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகுவது மூன்றாவது. நடுவில் ஓரிடத்தில் திடீரென்று குதித்து, அதன் பிறகு தப்பாகவே ஓடுவது நான்காவது. முதலாவதைக் காதே சொல்லிவிடும். மற்ற மூன்றுக்கும் ஒரே சோதனை போதும்.

படி 1: கிளிக் சோதனை

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளை வைத்தே விளக்குகிறோம். வேறு மென்பொருளிலும் வழி இதுதான்.

முதலில் எடிட் > பிரிஃபரன்சஸ் > ஆடியோ செட்டிங்ஸ் போய் 'லேட்டன்சி காம்பன்சேஷன்' (தாமதத்தை ஈடுகட்டும் அளவு) கட்டத்தைப் பாருங்கள். ஆடாசிட்டி தானாக -130 மில்லிசெகண்ட் என்று வைத்திருக்கும். அது பொதுவாக வைத்த எண். உங்கள் கணினியை அளந்து வைத்ததல்ல. இப்போதைக்கு அதை 0 ஆக்குங்கள்.

அடுத்து ஜெனரேட் > ரிதம் டிராக்கில் டெம்போ 100, ஒரு பாருக்கு 4 பீட், மொத்தம் 100 பார் என்று கொடுங்கள். சரியாக 4 நிமிடத்துக்குக் கிளிக் உருவாகும்.

இந்தக் கிளிக்கை வெளியே விட்டு மறுபடி உள்ளே பிடிக்க வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தால் தனிக் கேபிள் தேவையில்லை. ஹெட்போனின் ஒரு காதுப் பகுதியைக் கிட்டாரின் பிக்கப் (தந்திகளுக்குக் கீழே அதிர்வைப் பிடிக்கும் பகுதி) மேல் படுக்க வையுங்கள். ஹெட்போனுக்குள் இருப்பது காந்தமும் சுருளும். பிக்கப்புக்குள் இருப்பதும் அதேதான். கிளிக்கின் காந்த அதிர்வைப் பிக்கப் நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். தந்திகள் சேர்ந்து அதிராமல் ஒரு துணியைச் செருகிவிடுங்கள். அகூஸ்டிக் கிட்டாரை மைக்கில் பதிபவர்கள் ஹெட்போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்தால் போதும். ஒலியளவைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். உள்ளே வரும் ஒலியை மென்பொருள் திருப்பி ஒலிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிளிக் சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும்.

ஹோம் விசையை அழுத்தித் தொடக்கத்துக்குப் போய், ஷிஃப்ட் + ஆர் அழுத்திப் பதியுங்கள். வெறும் ஆர் அழுத்தினால் புது டிராக் வராமல் பழைய கிளிக்கின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். புதியவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

முடிந்ததும் கன்ட்ரோல் + 1 பலமுறை அழுத்திப் பெரிதாக்குங்கள். மேலே மூலக் கிளிக், கீழே பதிவானது. இரண்டிலும் அலை நேர்கோட்டை விட்டு எழும் முதல் புள்ளியைப் பிடியுங்கள். உச்சியை வைத்து அளக்காதீர்கள். பிக்கப் வழியாக வந்த அலையின் வடிவம் மாறியிருக்கும், உச்சி வேறிடத்தில் இருக்கும். இரு புள்ளிகளுக்கும் நடுவே மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் கீழ்ப் பட்டையில் நீளம் மில்லிசெகண்டில் தெரியும். முதல் கிளிக், 2 நிமிடத்தில் ஒன்று, கடைசிக் கிளிக் என்று மூன்று இடங்களில் அளந்து எழுதி வையுங்கள்.

படி 2: மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்

118, 118, 118 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இதுதான் சுலபமானது. ஒலி கணினியை விட்டு வெளியே போய் உள்ளே வர அவ்வளவு நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். லேட்டன்சி காம்பன்சேஷனில் -118 என்று போட்டு, மறுபடி ஒரு நிமிடம் சோதியுங்கள். 1, 2 மில்லிசெகண்டுக்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் இதே கட்டம் பிரிஃபரன்சஸ் > ஆடியோ > ரெக்கார்டிங்கில் இருக்கிறது. எண்ணைப் போட்டதும் இடைவெளி இரட்டிப்பானால் குறியை மட்டும் மாற்றுங்கள்.

பஃபரையோ, சாம்பிள் ரேட்டையோ (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்), கருவியையோ மாற்றினால் இந்த எண் செல்லாது. திரும்ப அளக்க வேண்டும். ஏற்கெனவே பதிந்த பாட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அன்றிருந்த அமைப்பையே திரும்ப வைத்து அளந்து, அந்த அளவுக்குக் கிளிப்பை இடது பக்கம் நகர்த்தினால் போதும்.

படி 3: எண்கள் சீராக மாறிக்கொண்டே போனால்

118, 124, 130. நான்கு நிமிடத்தில் 12 மில்லிசெகண்ட் விலகல். பஃபரை எவ்வளவு குறைத்தாலும் இது தீராது, ஏனென்றால் இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன.

விலை குறைந்த யூஎஸ்பி கிட்டார் கேபிளில் பதிந்துகொண்டு, லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் கேட்பவர்களுக்கு இது வரும். ஒவ்வொரு கருவியும் தன் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து வினாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அளவு) எண்ணுகிறது. இரண்டு படிகங்கள் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்துக்கு 50 என்ற வேறுபாடு இருந்தாலே 4 நிமிடத்தில் அந்த 12 மில்லிசெகண்ட் சேர்ந்துவிடும்.

கேட்பதும் பதிவதும் ஒரே கருவியில் நடக்க வேண்டும். இதற்கு முறையான தீர்வு அதுதான். ஹெட்போன் துளையும் கிட்டார் துளையும் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியோடு இணைக்கும் ஒலிப் பெட்டி) ஒன்று வாங்குவது, இந்தத் துறையில் முதல் செலவாகச் செய்யத் தக்கது. அதுவரை, மேக் வைத்திருப்பவர்கள் ஆடியோ மிடி செட்டப்பில் இரு கருவிகளையும் அக்ரிகேட் டிவைஸாக இணைத்து 'டிரிஃப்ட் கரெக்‌ஷன்' டிக் செய்யலாம். மற்றவர்கள் பாட்டைச் சரணம் சரணமாகப் பிரித்துப் பதியுங்கள். ஒரு நிமிடத் துண்டில் 3 மில்லிசெகண்டுதான் விலகும்; காதுக்குத் தெரியாது.

விலகல் மில்லிசெகண்டில் இல்லாமல் வினாடிக் கணக்கில் இருந்து, சுருதியும் மாறியிருந்தால் அது வேறு. 44,100இல் பதிந்ததை 48,000 என்று எண்ணி ஓட்டுகிறது கணினி. 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 வினாடியில் முடியும், சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை ஏறும். விண்டோஸ் சவுண்ட் அமைப்பு, இன்டர்ஃபேஸ், மென்பொருள் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: நடுவில் குதித்தால்

118, 118, 95 என்றால், இடையில் எங்கோ கொஞ்சம் ஒலி தவறிவிட்டது. தவறிய இடத்துக்குப் பின்னால் உள்ளதெல்லாம் முன்னே நகர்ந்துவிடும். அந்த இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தமும் கேட்கும். பஃபரை அளவுக்கு மீறிக் குறைத்ததுதான் பெரும்பாலும் காரணம். கணினிக்கு மூச்சுவிட நேரமில்லை. பஃபர் 64 சாம்பிள் என்று இருந்தால் 256 ஆக்குங்கள். இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, வைஃபையை அணையுங்கள். பென்டிரைவில் நேரடியாகப் பதியாதீர்கள்.

படி 5: வாசிக்கும்போதே தாமதமாகக் கேட்டால்

பஃபரைக் குறைக்க வேண்டியது இங்கே மட்டும்தான். 44,100இல் பஃபர் 128 என்றால் 2.9 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.8, 1024 என்றால் 23.2. உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை என்பதால் இரட்டிப்பாக்கிக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் கை தடுமாறாது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது. மேடையில் ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் இதே தாமதம்தான்.

விண்டோஸில் ரீப்பர் போன்ற மென்பொருளுக்கு இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஆசியோ டிரைவரை (தாமதம் குறைவாக ஒலியைக் கொண்டுசெல்லும் இணைப்பு மென்பொருள்) போடுங்கள். தனி டிரைவர் இல்லாத கருவிக்கு ஆசியோ4ஆல் உண்டு. மாஸ்டர் டிராக்கில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ, லுக்-அஹெட் லிமிட்டர் இருந்தால் பதியும்போது அணைத்து வையுங்கள். அவை முன்கூட்டிப் பார்த்து வேலை செய்வதால் தாமதம் கூடும்.

ப்ளூடூத் ஹெட்போனை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அதன் தாமதம் 100, 200 மில்லிசெகண்ட் என்று போகும், பஃபரைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது. இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இருந்தால் அதை அழுத்தி, மென்பொருளில் மானிட்டரிங்கை அணையுங்கள். கிட்டார் ஒலி கணினிக்குள் போகாமலே காதுக்கு வரும். எஃபெக்ட் இல்லாத வெறும் ஒலியைக் கேட்டுத்தான் வாசிக்க வேண்டியிருக்கும், ஆனால் பஃபர் 1024இல் இருந்தாலும் தாமதம் தெரியாது.