சிங்கப்பூர் – நியூயார்க்: தூரமும் நேரமும் நாமே கணக்குப் போடலாம்

டிக்கெட்டில் புதன் அதிகாலை 1 மணிக்குக் கிளம்பி புதன் காலை 7:40-க்கு இறங்கும் என்று போட்டிருந்தால், "அட, ஆறு மணி 40 நிமிடம்தானா" என்று நம்பிவிடாதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் 13. கோடைக் கணக்கில் கிளம்பும் நேரத்தை நியூயார்க் நேரத்துக்கு மாற்றினால் செவ்வாய் பகல் 1 மணி, அங்கிருந்து எண்ணினால் 18 மணி 40 நிமிடம். எந்த ஊருக்கும் இதே முறைதான், முதலில் ஒரே ஊர் நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் கழியுங்கள்.

இனி தூரம். கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளையும் நடுவில் ஒரு சிறுகோடு போட்டுத் தட்டினால் போதும். குறியீடு மட்டும் சரியாக இருக்கட்டும், நியூயார்க் என்றால் ஜேஎஃப்கே, லகார்டியா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் நியூவர்க் என்று மூன்று இருக்கின்றன. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஜேஎஃப்கேவுக்கு 15,349 கி.மீ. வரும்.

இதைக் கையாலேயே சரிபார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. தீர்க்கரேகையில் சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178, அதாவது இரண்டும் கிட்டத்தட்ட நேர் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. அப்படியென்றால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.4, மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கி.மீ. வைத்துப் பெருக்கினால் 15,318! தட்டையான உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இது கிடைக்கவே கிடைக்காது, வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்.

நேரத்துக்கு, விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. போகும் என்று வைத்துத் தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேருங்கள். இங்கே பதினேழரை மணி நேரம் வரும். ஆனால் கால அட்டவணையில் பதினெட்டரைக்கு மேல் இருக்கும், ஏனென்றால் விமான நிறுவனங்கள் விமான நிலைய வாசலிலிருந்து விமானம் நகர்வது முதல் இறங்கும் ஊர் வாசலில் நிற்பது வரை எண்ணுகின்றன, விமானமும் குறுக்கு வழியில் போவதில்லை. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் ஜெட் காற்று மணிக்கு 200 கி.மீ.யைக்கூடத் தாண்டும், அதை முதுகில் வாங்கிக்கொள்ளத்தான் விமானம் பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக வளைந்து பசிபிக்கைக் கடக்கிறது. திரும்பி வரும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடி கிழக்கு நோக்கியே வருகிறது. உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க விமானங்களின் பயணத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டுக் கடந்த சில நாட்களைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் இன்னொரு கூட்டலும் போட வேண்டும். சிங்கப்பூர் வழியாக நியூயார்க் சுமார் 18,300 கி.மீ., துபாய் வழியாக 14,000-ஐ ஒட்டித்தான் வரும். வித்தியாசம் ஐந்து மணி நேரப் பறத்தலுக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே டிக்கெட் விலை மலிவு என்று எடுப்பதற்கு முன் நடுவில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து எழுதிப் பாருங்கள்.