ரப்பர் ஷீட் உருளையின் பழைய பெயின்ட்டையும் துருவையும் காக்கும் முறை

குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை வட்டாரத்து ரப்பர் விளைகளில், உறைந்த ரப்பர் பாலை உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பதை நிறுத்திவிட்ட வீடுகளின் பின்புறத்தில், கையால் சுற்றும் வார்ப்பிரும்பு உருளை இயந்திரங்கள் இன்னமும் ஜோடியாக நிற்பதுண்டு. ஒன்றின் உருளைகள் வழவழப்பானவை. மற்றொன்று ஷீட்டில் வரி பதிப்பது. இவற்றைக் காக்க நினைப்பவர் முதலில் செய்வது, கிரைண்டரால் துருவை உரித்துவிட்டு சில்வர் பெயின்ட் அடிப்பதுதான். பல ஆண்டுகள் கைபட்டுத் தேய்ந்த பச்சையும், அதனூடே தெரியும் செம்பழுப்பும் அத்தோடு போய்விடும். இருப்பதை இருந்தபடியே நிறுத்திவைக்க வேறு வழி உண்டு.

முழு வேலையிலும் முக்கியமானது கழுவுவதுதான். கடற்காற்றில் வரும் உப்பும், ஆசிட் ஊற்றி உறையவைத்த ரப்பர் பாலிலிருந்து பிழிந்து வழிந்த நீரின் எச்சமும் உருளை இடுக்குகளில் தங்கியிருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஜூனில் ஒரு மழைக்காலமும் அக்டோபரில் இன்னொன்றும் தொடங்கும் இம்மாவட்டத்தில் அந்த ஈரத்துக்குக் குறைவில்லை. உப்பை அகற்றாமல் மேலே எதைப் பூசினாலும் துரு அடியில் தன் வேலையைத் தொடரும். ஆகவே சிறிது சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரால், மென்மையான பிரஷ் கொண்டு கழுவி, வெறும் நீரால் மூன்று முறையாவது அலச வேண்டும். கடலோரக் கிணற்றின் உவர்நீர் இதற்கு உதவாது. பிடித்துவைத்த மழைநீர் நல்லது. காய்ந்து ஒட்டிய ரப்பரை மூங்கில் சிம்பால் கிளப்பி விரலால் உருட்டினால் வந்துவிடும். புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் தொடாதீர்கள்; அவை குத்துவிளக்கைத் துலக்கலாம், இங்கோ நாம் காக்க வந்த துருவையே கரைத்துவிடும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்ட்டுகளில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதியே 2016-இல்தான் வந்தது. எனவே உப்புத்தாள் போட்டு உலரத் தேய்க்கக் கூடாது. உதிரும் துருவையும் பெயின்ட் துகளையும் ஈரத்தோடு துடைத்தெடுத்து, கோழி கொத்தாத இடத்தில் சேர்க்க வேண்டும்.

எண்ணெய் பூசுவதற்கு, தை, மாசி வாக்கில் வரும் கும்பப்பூ நெல் அறுவடையை ஒட்டிய வெயில் நாட்களே ஏற்றவை. இரும்பு வெயிலில் நன்கு உலர்ந்து இளஞ்சூடாக இருக்கும்போது, பெயின்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை (காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்) சம அளவு டர்பன்டைனுடன் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். இது நிறத்தைச் சற்றே கருக்கும் என்பதால் கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் பூசிப் பார்ப்பது நல்லது. பெயின்ட் செதில்கள் எழும்பிய இடங்களில் சிறிய பிரஷ்ஷின் நுனியால் விளிம்பில் தொட்டுவிட்டால், கலவை தானே உள்ளே இறங்கி, காய்ந்தபின் செதிலைப் பிடித்துக்கொள்ளும். 15 அல்லது 20 நிமிடங்களில் மிச்சத்தை முழுவதுமாகத் துடைத்துவிட வேண்டும். விட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும். பலத்த காற்று வீசும் ஆரல்வாய்மொழிப் பக்கத்தவர்கள் காற்று அடங்கிய நாளைப் பார்த்துச் செய்யட்டும், இல்லையெனில் புழுதியெல்லாம் எண்ணெயில்தான் வந்து படியும். தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறதே என்று தோன்றும். அது லின்சீட்போலக் காய்ந்து படலமாகாது.

எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்துப் போட்டால் அவை தாமாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். உடனே வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

பற்சக்கரங்களுக்கும் அச்சுக்கும் கிரீஸ் மட்டும் போதும். இன்னும் ஷீட் அடிக்கும் இயந்திரமானால் உருளையின் முகத்தில் எதையும் பூசாமல், அன்றன்று கழுவித் துடைத்துவிட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, தேனீ வளர்ப்போர் நிறைந்த மார்த்தாண்டத்தில் கிடைக்கும் தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்துத் தள்ளி வைத்தபின் டர்பன்டைன் சேர்த்து, ஆறியதும் மெல்லப் பூசித் துணியால் தேய்க்கலாம். தண்ணீர் துளித்துளியாக உருண்டு நிற்காமல் பரவத் தொடங்கினால் மறுபடி மெழுக வேண்டிய காலம் வந்துவிட்டது.

இயந்திரத்தைச் செங்கல் மேல் ஏற்றி, காற்றோட்டமுள்ள கூரையடியில் வையுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் இறுகக் கட்டினால் உள்ளே வியர்க்கும். விறகுப் புகையிலும் அமிலம் உண்டு என்பதால், இடம் காலியாகக் கிடந்தாலும், ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரைக்குள் வைக்க வேண்டாம்.