டோம்ப்ரா: வாங்குவதிலிருந்து முதல் குய் வாசிப்பது வரை

கசாக் மக்களின் தந்தி இசைக்கருவியான டோம்ப்ராவுக்கு இரண்டே தந்திகள். அதில் வாசிக்கும், பாட்டில்லாத இசைப்படைப்புக்குக் குய் என்று பெயர். இரண்டுதானே என்று நம்பி வாங்குபவர்களை முதலில் தடுமாற வைப்பது கருவியின் அமைப்பு. மேல்பலகையில் தந்தியைத் தாங்கும் கட்டையான குதிரை ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. விரல் அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் மெட்டுகள், கருவியின் நீண்ட கழுத்தான தண்டியைச் சுற்றிக் கட்டப்பட்டவை. தந்தியை முறுக்கும் பிருடைகள் வெறும் உராய்வில் பிடித்து நிற்பவை. எல்லாமே நகரக்கூடியவை என்பதால் அவற்றைச் சரியான இடத்தில் நிறுத்துவதும் வாசிப்பவரின் வேலைதான். கடைக்காரர் செய்து கொடுத்திருப்பார் என்று விட்டுவிட்டால், எவ்வளவு பயிற்சி செய்தாலும் அபஸ்வரம்தான் வரும்.

உறுப்புகளுக்கு வீணைக்காரர்களின் சொற்களே இங்கே பொருந்துகின்றன: குடம் (ஒலிக்கும் உடல்), தண்டி, பிருடை, குதிரை, மெட்டு. கசாக் மொழியில் இவை முறையே ஷனக், மொயின், குலக், தியெக், பெர்னே. கசாக்ஸ்தானின் அல்மாட்டி நகரில் கடை ஏறினாலும் இணையத்தில் பாடம் தேடினாலும் இந்த ஐந்து சொற்கள் போதும்.

எந்த வகை?

பாணியை முடிவு செய்யாமல் கருவியை வாங்காதீர்கள். கசாக்ஸ்தானின் மேற்கே, அத்திராவ், மங்கிஸ்தாவ் பக்கம், தோக்பே என்ற பாணி. மணிக்கட்டைச் சுழற்றி இரண்டு தந்திகளையும் சேர்த்து அடிப்பார்கள். வேகமும் முழக்கமும் அதிகம். அதற்கான டோம்ப்ராவின் குடம் பேரிக்காய் வடிவில் உருண்டிருக்கும். தண்டி மெலிந்து நீண்டு, மெட்டுகள் நிறைய இருக்கும். நடுப்பகுதியான ஆர்காவிலும் கிழக்கிலும் ஷெர்த்பே பாணி. அங்கே விரல்கள் தந்தியைத் தனித்தனியாகத் தெறித்து எடுக்கும். நாதம் மெல்லியது, பேச்சுக்கு நெருக்கமானது. அந்த டோம்ப்ராவின் குடம் தட்டையாக, மண்வெட்டித் தகடுபோல் இருக்கும். தண்டி குட்டையாகவும் அகலமாகவும், மெட்டுகள் குறைவாகவும் இருக்கும். செமேய் வட்டாரத்தில் மூன்று தந்தி டோம்ப்ராவும் உண்டு, ஆனால் அதில் தொடங்க வேண்டாம்.

இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது மேற்குப் பாணி உடலும் 19 மெட்டுகளும் கொண்ட கருவி. 1930களில் இசையறிஞர் அஹ்மெத் ஷுபானோவ் நாட்டுப்புற இசைக்கருவிக் குழுவை உருவாக்கியபோது (19ஆம் நூற்றாண்டுக் குய் கலைஞர் குர்மான்காஸியின் பெயரைப் பின்னாளில் பெற்றது அதுதான்), பலர் சேர்ந்து வாசிக்க வசதியாக மெட்டுகள் அரை ஸ்வர இடைவெளிக்கு ஒழுங்கு செய்யப்பட்டன. பழைய மெட்டு அமைப்பில் இந்தப் பன்னிரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே விழும் ஒலிகளும் இருந்தன. அந்த இழப்பு சிறியதல்ல. ஆனாலும் புதிதாகக் கற்பவருக்கு 19 மெட்டுக் கருவியையே பரிந்துரைப்போம். பாடங்களில் பெரும்பாலானவை அதற்காகவே எழுதப்பட்டவை.

கடையில் பார்க்க வேண்டியவை சில. சுவரில் மாட்ட விற்கும் நினைவுப்பொருள் டோம்ப்ராக்கள் பார்க்க அசலைப் போலவே இருக்கும். மேல்பலகையில் வண்ண ஓவியமும் தடித்த வார்னிஷும் இருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல கருவியில் மேல்பலகை மெல்லிய பைன் அல்லது ஸ்ப்ரூஸ் மரம். விரல் நுனியால் தட்டினால் பலகை முழுதும் அதிர வேண்டும். தண்டியைக் கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பாருங்கள். தந்தி இழுக்கும் பக்கம் மயிரிழை வளைவு இருந்தால் பரவாயில்லை; பக்கவாட்டில் திருகியிருந்தால் வாங்கக்கூடாது, அதைச் சரிசெய்யவே முடியாது. 12ஆவது மெட்டுக்கு மேலே தந்தியின் உயரம் 4 மி.மீ.க்கு மேல் போனால் விரல் நோகும், அழுத்தும்போது சுருதியும் ஏறும். குதிரையைச் சற்று தேய்த்தால் இது குறையும் என்பதால் இந்தக் குறைக்காக மட்டும் நல்ல கருவியை ஒதுக்க வேண்டாம். பிருடையைச் சுற்றிப் பாருங்கள்: சீராகத் திரும்பி, விட்ட இடத்தில் நிற்க வேண்டும்.

தந்தியும் குதிரையும்

முன்பு ஆட்டுக் குடலில் தந்தி முறுக்கினார்கள். இன்று எல்லோரும் பயன்படுத்துவது நைலான், அதாவது மீன்பிடி நரம்பு, 0.8 முதல் 1 மி.மீ. வரை கனம். எஃகுத் தந்தியை மாட்டாதீர்கள். அந்த இழுவிசைக்கு இந்தத் தண்டியும் மேல்பலகையும் செய்யப்படவில்லை, பலகை குழிந்துவிடும்.

ஒவ்வொரு தந்திக்கும் ஒன்றரை மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் கண்ணி போட்டுக் குடத்தின் அடியிலுள்ள குமிழில் மாட்டுங்கள். நைலான் வழுக்கும் என்பதால் ஒற்றை முடிச்சு அவிழும். இரண்டு முறை சுற்றி முடியுங்கள். மறுமுனையைப் பிருடைத் துளையில் நுழைத்து, முதல் சுற்றை நுனியின் மேலேயே ஏற்றினால் அது தானே பூட்டிக்கொள்ளும். நான்கைந்து சுற்று போதும். அதிகம் சுற்றினால் நைலான் சுருள் இளகிக்கொண்டே இருந்து, சுருதி நாள் முழுக்க இறங்கும்.

குதிரையை நிறுத்தும் இடம்தான் இந்த வேலையிலேயே முக்கியம். தலைப்பக்கத்தில் தந்தி படிந்து செல்லும் தாங்கியிலிருந்து 12ஆவது மெட்டு எவ்வளவு தூரமோ, 12ஆவது மெட்டிலிருந்து குதிரையும் அதே தூரத்தில் நிற்க வேண்டும். அளவுகோலால் முதலில் வைத்துவிட்டுக் காதால் சரிபாருங்கள். 12ஆவது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டு ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறிக் கேட்டால் குதிரையை அடிப்பக்கம் ஒரு மி.மீ. தள்ளுங்கள், இறங்கிக் கேட்டால் தண்டிப் பக்கம் நகர்த்துங்கள். நகர்த்துவதற்கு முன் தந்தியைச் சிறிது தளர்த்தாவிட்டால் பலகையில் கீறல் விழும். சரியான இடம் கிடைத்ததும் குதிரையின் இரு ஓரத்திலும் பென்சிலால் மெல்லிய புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சுருதி ஏற்றும்போதெல்லாம் தந்தி குதிரையின் உச்சியைத் தலைப்பக்கம் இழுக்கும்; வாரம் ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்து, சாய்ந்திருந்தால் இரு கைகளாலும் நிமிர்த்துங்கள். சாய்ந்த குதிரை ஒரு நாள் படீரென விழும், அப்போது மேல்பலகை விரிசல் விடலாம்.

சுருதி கூட்டுதல்

கருவியைப் பிடித்திருக்கும்போது உங்கள் முகத்துக்கு அருகில் இருப்பது மேல் தந்தி, தடித்த ஒலி. வழக்கமான சுருதியில், மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் சொன்னால், மேல் தந்தி டி (D), கீழ்த் தந்தி ஜி (G). கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள் கீழ்த் தந்தியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் மேல் தந்தி மந்தர பஞ்சமமாக அமையும். இதற்கு ஓங் புராவ் என்று பெயர். மேல் தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் இரண்டுக்கும் இடையே ச–ப இடைவெளி வரும். அது தெரிஸ் புராவ். எந்தக் குய் எந்தச் சுருதி என்பது முன்பே முடிவானது, மாற்றி வாசித்தால் விரலும் இசையும் ஒத்துவராது.

மேல் தந்தியைக் சுருதி காட்டும் கருவியின் (டியூனர்) துணையோடு டி-க்குக் கொண்டுவந்து, அதன் 5ஆவது மெட்டை அழுத்துங்கள். அந்த ஒலியும் திறந்த (எந்த மெட்டிலும் அழுத்தாத) கீழ்த் தந்தியும் ஒன்றாகச் சேர வேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். இறக்கி நிறுத்தினால் சுற்றில் தங்கிய தளர்ச்சி சற்று நேரத்தில் சுருதியைக் கெடுக்கும். புதிய நைலான் சில நாட்கள் இழுத்துக்கொண்டே இருக்கும், அது கருவியின் குறையல்ல. பிருடை வழுக்கினால் கரும்பலகைச் சுண்ணக்கட்டி தடவுங்கள். இறுகிக்கொண்டால் காய்ந்த சோப்பு.

மெட்டு நகர்ந்துவிட்டால்

கட்டிய மெட்டு நகர்வது இயல்பு. தாங்கியிலிருந்து குதிரை வரை 64 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், தாங்கியிலிருந்து 2ஆவது மெட்டு ஏறத்தாழ 7 செ.மீ., 5ஆவது 16 செ.மீ., 7ஆவது 21.3 செ.மீ., 12ஆவது 32 செ.மீ., 19ஆவது 42.6 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் கருவியின் நீளம் வேறாக இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மெட்டு இளகியிருந்தால் அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். பசை போட்டு ஒட்டினால் அடுத்த முறை நகர்த்த வழியில்லை. முடிச்சு கை உரசாத விளிம்பில் இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட மெட்டில் அழுத்தும்போது மட்டும் தந்தி கரகரத்தால் குற்றம் அந்த மெட்டில் இருக்காது. குடத்துப் பக்கமாக அடுத்திருக்கும் மெட்டு உயர்ந்திருக்கும். கனமான நரம்பில் கட்டியதை எடுத்துவிட்டு மெல்லியதில் கட்டினால் சரியாகும்.

வலது கை

சம்மணமிட்டோ நாற்காலியிலோ உட்காரலாம். குடம் வலது தொடையில், தண்டி இடப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து. வலது முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே முன்கையை குடத்தின் விளிம்பில் வைத்தால் அதன் எடையே கருவியைப் பிடித்துக்கொள்ளும். இடது கையை எடுத்துவிட்டாலும் டோம்ப்ரா விழக்கூடாது. விழுந்தால் இடது கை தண்டியைத் தாங்கும் வேலையில் மாட்டிக்கொள்கிறது என்று பொருள். அது மேலும் கீழும் ஓட முடியாது.

தோக்பேக்கு விரல்களைத் தளர்வாக மடித்து, ஆள்காட்டி விரலின் நகப்பக்கத்தால் இரண்டு தந்திகளையும் ஒரே வீச்சில் கீழ்நோக்கி அடியுங்கள். மேல்நோக்கு வீச்சு கட்டைவிரலின் வேலை. அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். முழங்கையிலிருந்து அடித்தால் சில நிமிடங்களில் தோள் இறுகி வேகம் நின்றுவிடும். அடிக்கும் இடம் ஒலித்துளைக்கு மேலே, தண்டியை ஒட்டிய பகுதி. குதிரைக்கு அருகில் அடித்தால் ஒலி தகரம் போலக் கேட்கும். அடி பலகையில் படுகிறதென்றால் விரல் அளவுக்கு மீறி உள்ளே போகிறது.

முதல் சில நாட்கள் இடது கையே வேண்டாம். சீரான தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, திறந்த தந்திகளில் கீழ்நோக்கு அடி மட்டும். இரண்டு தந்தியும் சம பலத்தில் கேட்கிறதா என்று கவனியுங்கள்; பெரும்பாலும் மேல் தந்தி மட்டுமே முழங்கும், கீழது அடங்கிப்போகும். வீச்சைப் பாதியில் நிறுத்துவதால் வரும் கோளாறு அது. பிறகு ‘தாம் தக தாம் தக’ என்ற நடை: தாம் கீழே, தக கீழும் மேலும். மேற்குக் குய்களின் பாய்ச்சல் நடை இதிலிருந்துதான் பிறக்கிறது. சீராக வந்தால் 80, பிறகு 100. நகம் தேய்ந்து வலித்தால் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

ஷெர்த்பேயில் கை வீசாது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் மாறி மாறித் தெறிக்கும். தோக்பே கற்றவர் ஷெர்த்பேக்கு மாறுவதை விட நேர்மாறு கடினம்; இரண்டும் வேண்டுமென்றால் தோக்பேயை முதலில் கற்பதே நல்லது.

இடது கையும் குய்யின் கட்டமைப்பும்

மேல் தந்தியைக் கட்டைவிரல் தண்டிக்கு மேலாக வந்து அழுத்தும். கீழ்த் தந்தி மற்ற விரல்களுக்கு. கட்டைவிரலைத் தண்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் கிடார் பழக்கம் இங்கே உதவாது. முதல் பயிற்சி: கீழ்த் தந்தியில் 0, 2, 3, 5, 3, 2, 0 (மெட்டு எண்கள்; 0 என்றால் திறந்த தந்தி), மேல் தந்தி திறந்தபடி முழங்கட்டும். அடுத்தது: கீழ்த் தந்தி திறந்திருக்க, கட்டைவிரல் மேல் தந்தியில் 2, 3, 5. ஐந்தில் இரு தந்தியும் ஒரே ஸ்வரமாகச் சேரும். சேராவிட்டால் நிறுத்திச் சுருதியைப் பாருங்கள்.

குய் என்பது பாட்டில்லாத, கருவிக்கென்றே உருவான இசைப்படைப்பு. தோக்பே குய்யின் பகுதிகள் தண்டியின் இடத்தை வைத்தே பிரிகின்றன. பாஸ் புவின் தலைப்பக்கத்தில் தொடங்கும். ஓர்தா புவின் தண்டியின் நடுவே. கிஷி ஸகாவும் உல்கென் ஸகாவும் குடத்தை நெருங்கி உச்சத்துக்குப் போகும் பகுதிகள். ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பின்னும் இசை பாஸ் புவினுக்கு இறங்கி வரும். இதைத் தெரிந்துகொண்டால் மனப்பாடம் பாதியாகக் குறையும்: ஸ்வர வரிசைக்கு முன் கையின் பயணத்தை மனதில் வையுங்கள். பாஸ் புவினை மட்டும் முதலில் தேற்றிவிடுங்கள். அது திரும்பத் திரும்ப வருவதால் குய்யின் கணிசமான பகுதி அப்போதே கையில் வந்துவிடும்.

வாசிப்பவரான குய்ஷி, குய்யைத் தொடங்குமுன் அதன் கதையைச் சொல்வது மரபு. ‘அக்ஸக் குலன்’ குய்யின் கதையில், வேட்டையில் இறந்த மகனின் செய்தியை மன்னரான கானிடம் வாய்திறந்து சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. டோம்ப்ராவே அதைச் சொல்கிறது. செய்தி சொன்னவர் தொண்டையில் ஈயம் ஊற்றுவேன் என்று ஆணையிட்டிருந்த கான், காய்ச்சிய ஈயத்தை டோம்ப்ராவின் மேல் ஊற்றச் செய்கிறார். குர்மான்காஸியின் ‘கிஷ்கென்தாய்’, இசத்தாய் தைமானோவ் தலைமையில் கசாக் மக்கள் நடத்திய 1836–38 கிளர்ச்சியோடு பிணைந்தது. கதை தெரியாமல் வாசித்தால் வேகத்தை எங்கே அடக்குவது, எங்கே விடுவது என்பது புரியாது. ஆகவே கதையைக் கேட்ட பிறகே கருவியைக் கையிலெடுங்கள். டோம்ப்ரா குய் கலையை யுனெஸ்கோ 2014இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2018 முதல் கசாக்ஸ்தானில் ஜூலை முதல் ஞாயிறு தேசிய டோம்ப்ரா நாள். புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்கு அந்த வாரம் வெளியாகும் நிகழ்ச்சிகள் நல்ல வாய்ப்பு.

கேட்பதற்கு வரிசை ஒன்று: குர்மான்காஸியின் ‘பல்பிராவுன்’, பிறகு ‘அதாய்’, பிறகு ஷெர்த்பேக்கு தத்திம்பெத்தின் (1815–1862) ‘ஸர்ஜய்லாவ்’. குர்மான்காஸியின் மாணவி தினா நுர்பெயிசோவாவின் (1861–1955) ஒலிப்பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் கைநடை அதில் நேரடியாகக் கேட்கிறது. பழைய கருவிகளை நேரில் பார்க்க அல்மாட்டியில் பான்ஃபிலோவ் பூங்காவில் உள்ள இக்லாஸ் அருங்காட்சியகம் இருக்கிறது.

பாதுகாப்பு

ஸ்டெப்பிச் சமவெளியின் வறண்ட காற்றில் செய்த மரம் கடலோர ஈரத்துக்கு வந்தால் ஊதும்: பிருடை இறுகும், மேல்பலகை எழும்பித் தந்தி உயரும். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி உறையில் சிலிக்கா பைகள் போட்டு மூடி வையுங்கள். ஏசி காற்று நேரே படும் இடமும் வெயிலில் நிறுத்திய காரும் ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் தந்திகளை இரண்டு மூன்று ஸ்வரம் இறக்கி வையுங்கள். முழுதும் தளர்த்தினால் குதிரை நழுவி உறைக்குள் உருளும்.